மடிப்பக்காவின் வலது கை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. பதினாறு வருடம் வேலை பார்த்த சலவை நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா. ஓட்டல்களிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளை அவள் மடித்து வைத்தால் நாலு மூலையும் ஒட்டிப் பிறந்தவை போல இருக்கும். "ஓரத்தைப் பார்த்துத் தொடுங்கப்பா, விரலை அறுத்துடும்" என்று வண்டி ஓட்டுபவர் வம்பிழுப்பார். அவள் காதில் விழாதது போல இருந்துவிட்டு அடுத்த விரிப்பை இன்னும் கொஞ்சம் அழுத்தி மடிப்பாள்.

அவளோடு சேர்ந்து நின்று வேலை செய்தவள் அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. கல்யாண வாழ்க்கை சரிப்படாமல் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டு மாடியறைக்கு வந்தவளை, அழுதுகொண்டிருக்க விடாமல் மறு வாரமே வேலைக்குச் சேர்த்துவிட்டவள் மடிப்பக்காதான். இரண்டு பேருக்கும் உருளை மெஷினில் வேலை. பிழிந்து வரும் விரிப்பை நாத்தனார் ஒரு பக்கம் கொடுப்பாள். அது சூடான உருளைகளுக்கு நடுவே போய்ச் சுருக்கமில்லாமல் மறுபக்கம் வரும். மடிப்பக்கா வாங்கி மடிப்பாள்.

அந்த மெஷினின் இரும்புச் சட்டத்தில் கை பட்டால் சுரீர் என்று கரண்ட் இழுக்க ஆரம்பித்து இரண்டு மாதமாகியிருந்தது. மூன்று தடவை மேனேஜரிடம் சொன்னார்கள். ஈரக் கையோடு தொட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும், துடைத்துக்கொண்டு தொடுங்கள் என்றார் அவர். சலவை நிலையத்தில் காய்ந்த கைக்கு எங்கே போவது? கடைசியில் இவர்களே உடைந்த மரப்பெட்டியிலிருந்து ஆளுக்கொரு பலகையைப் பெயர்த்துக் காலடியில் போட்டுக்கொண்டார்கள். பலகை மேல் நின்றால் சுரீர் இல்லை. அதோடு புகாரும் நின்றுபோயிற்று.

அன்றைக்குக் காலை பதினோரு மணி இருக்கும். ஒரு விரிப்பு உருளையின் ஓரத்தில் சுருட்டிக்கொண்டது. அதை இழுத்துவிட மடிப்பக்கா பலகையிலிருந்து இறங்கிப் பக்கவாட்டுக்குப் போனாள். பிழியும் மெஷினிலிருந்து கசிந்த தண்ணீர் அங்கே தேங்கியிருந்தது. அதில் கால் வைத்து, வலது கையால் சட்டத்தைப் பிடித்தாள்.

பிடித்த கை திரும்பி வரவில்லை. விட்டுவிடு, விட்டுவிடு என்று அவள் உள்ளுக்குள் கதறினாள். கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. பல் கிட்டித்துக்கொண்டது. சத்தம் போட வாய் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற நாத்தனார் முதலில் அண்ணி ஏதோ விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தாளாம். முகத்தைப் பார்த்ததும் குனிந்து தன் காலடிப் பலகையை உருவி, மணிக்கட்டில் ஓங்கி இரண்டு அடி போட்டாள். இரண்டாவது அடிக்குக் கை விடுபட்டது. மடிப்பக்கா ஈரத் தரையில் மல்லாந்து விழுந்தாள்.

உயிர் தங்கியது. உள்ளங்கை வெந்து நரம்பு கருகிவிட்டது. இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அசைந்தன. மற்ற மூன்றும் மடங்கவே இல்லை. இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னபோது அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவள் புருஷன்தான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் அவர். கண்ணுக்குத் தெரியாத திருகாணியையெல்லாம் நடுங்காமல் எடுக்கிறவர், அன்றைக்கு அவளுக்குக் கஞ்சி ஊட்டும்போது பாதியைத் துணியில் சிந்தினார்.

விழுந்த மூன்றாம் நாளே மேனேஜர் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். கூடவே ஒரு தாள். ஆஸ்பத்திரிச் செலவை நிர்வாகம் ஏற்றுக்கொள்வதற்கான சம்பிரதாயம் என்றார். வலது கையில் கட்டு. கண்ணில் மருந்து மயக்கம். இடது கையால் கோழி கிளறியது போல ஒரு கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள்.

நாலு மாதம் கழித்து வேலைக்குப் போனபோது, கை முழுசாகச் சரியான பிறகு வரலாம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது எந்தக் காலத்திலும் சரியாகாது என்பது அவர்களுக்கும் தெரியும். சங்கத்துக்காரர்கள் ஒரு வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் நஷ்டஈடு கேட்டு மனு போட்டாயிற்று. வேலை நேரத்தில், வேலை இடத்தில் பட்ட அடி. இதில் மறுக்க என்ன இருக்கிறது என்றுதான் மடிப்பக்கா நினைத்தாள்.

நிர்வாகத்தின் பதில் வந்த அன்று வக்கீலம்மா அவளைத் தனியாக வரச் சொன்னார். மெஷினில் எந்தக் கோளாறும் இல்லையாம். ஓடும்போது பக்க மூடியைத் திறக்கக் கூடாது என்ற கண்டிப்பான உத்தரவை மீறி, இவளே மூடியைத் திறந்து ஈரக்கையை உள்ளே விட்டாளாம். வேண்டுமென்றே விதியை மீறியவருக்கு நஷ்டஈடு கிடையாது என்று பதில் முடிந்தது. சாட்சிக்கு இரண்டு தாள் இணைத்திருந்தார்கள். ஒன்று, அவள் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது.

"இத நாம சமாளிச்சுக்கலாம்க்கா. மயக்கத்துல வாங்கினதுன்னு டாக்டரே சொல்லுவார்" என்றார் வக்கீலம்மா. "இன்னொண்ணுதான் கஷ்டம். நேர்ல பார்த்தவங்க ஒரே ஒருத்தர். அவங்களே மூடி திறந்திருந்துச்சுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க."

மடிப்பக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். அடியில் நாத்தனாரின் கையெழுத்து இருந்தது. வட்ட வட்டமான எழுத்து. சேர்ந்த புதிதில் வருகைப் பதிவேட்டில் போடுவதற்கென்று இவள் உட்கார வைத்துப் பழக்கியது.

வீட்டுக்கு வந்தவள் புருஷனிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் அண்ணன் தங்கைக்குள் தீராப் பகையாகிவிடும். அதைவிட, நாத்தனாரிடம் கேட்டுவிட்டால் ஒரு பதில் வரும்; அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு ஒரே கூரைக்குக் கீழே எப்படி இருப்பது என்ற பயம்.

கை போனதிலிருந்து தினமும் காலையில் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவது நாத்தனார்தான். மறுநாளும் மாடியிலிருந்து சீப்போடு இறங்கி வந்தாள். மடிப்பக்கா எப்போதும் போல முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பழைய நாளாக இருந்தால் அடுத்த வீட்டுக் கதையெல்லாம் அலசி முடித்திருப்பார்கள். அன்றைக்குச் சீப்பு முடியில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. சிக்கு ஒன்றில் சீப்பு மாட்டியது.

"வலிக்குதா அண்ணி?"

"இல்ல. பின்னு."

இப்படியே ஐந்து வாரம் போயிற்று. தினமும் அந்த விரல்கள் பிடரியில் படும்போது மடிப்பக்காவுக்கு உடம்பு கூசியது. சீப்பைப் பிடுங்கி எறியவேண்டும் போல வரும். நாத்தனாரும் இளைத்துக்கொண்டே வந்தாள். அண்ணிக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. இருவருக்கும் நடுவில் அந்தத் தாள் மட்டும் பேசாமல் கிடந்தது.

விசாரணை நடந்தது கோர்ட்டில் அல்ல. கோப்புகள் அடைத்த ஓர் அறையில். நீள மேஜையின் ஒரு முனையில் அதிகாரி. இந்தப் பக்கம் மடிப்பக்கா, புருஷன், வக்கீலம்மா. எதிர்ப்பக்கம் மேனேஜரும் நிர்வாகத்து வக்கீலும். அவர்கள் அழைத்துவந்த சாட்சியாக நாத்தனார் உள்ளே நுழைந்தபோதுதான் புருஷனுக்கு விஷயமே தெரிந்தது. அவர் எழுந்திருக்கப் போனார். மடிப்பக்கா இடது கையால் அவர் முழங்காலை அழுத்தி உட்கார வைத்தாள்.

நாத்தனார் தாளில் இருந்ததை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாள். மூடி திறந்திருந்தது. மெஷினில் கோளாறு இல்லை. வக்கீலம்மா எப்படியெல்லாமோ மடக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்தான், அதுவும் மேஜையைப் பார்த்தபடி. அதிகாரி பேனாவை மூடப் போனார்.

அப்போது மடிப்பக்கா எழுந்தாள். தான் ஒன்று கேட்கலாமா என்றாள். நிர்வாகத்து வக்கீல் ஆட்சேபித்தார். அதிகாரி கொஞ்ச நேரம் அவளுடைய கையைப் பார்த்தார். பிறகு, ஒரே கேள்வி என்று அனுமதித்தார்.

வரும்வரைக்கும் மனசில் அடுக்கி வைத்திருந்தது வேறு. உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்கத்தான் வந்திருந்தாள். வாயில் வந்தது இதுதான்:

"என்னை எதால அடிச்சு எடுத்துவிட்ட?"

"பலகையால."

"அது எங்க இருந்துச்சு?"

ஒரு கேள்வி என்றால் ஒன்றுதான் என்று எதிர் வக்கீல் குறுக்கிட்டார். அதற்குள் நாத்தனார் சொல்லிவிட்டாள். "என் காலடியில."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "இஸ்திரி போடற எடத்துல காலடியில எதுக்கும்மா பலகை?"

மின்விசிறி மேஜை மேலிருந்த தாள்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மேனேஜர் தொண்டையைச் செருமினார். நாத்தனார் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு, ஐந்து வாரத்தில் முதல் தடவையாக, அண்ணியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"தரையில நின்னா மெஷின் பிடிக்கும் சார்" என்றாள். "ரெண்டு மாசமா பிடிச்சுது. நாங்க சொன்னோம், யாரும் கேக்கல. மூடிய அண்ணி திறக்கல. நான் எழுதல அத. கையெழுத்து மட்டும்தான் என்னுது."

அப்படியானால் எதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்றார் அதிகாரி.

"போடலைன்னா ஆஸ்பத்திரி செலவ நிறுத்திருவோம்னாங்க. மறுநாள் அண்ணிக்கு ரெண்டாவது ஆபரேஷன்."

மடிப்பக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வேலைக்காக விற்றுவிட்டாள், மகளுக்காக விற்றுவிட்டாள் என்று எத்தனையோ கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். இது அவள் புத்தியில் உதிக்கவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முன் சீட்டில் புருஷனும் பின் சீட்டில் இவர்கள் இருவரும். பாதி வழியில் மடிப்பக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ஆபரேஷனே வேண்டாம்னு கட்டில்ல இருந்து எறங்கி வந்திருப்பீங்க."

அது உண்மை. உண்மையாக இருந்ததாலேயே மடிப்பக்காவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. வீடு வந்த பிறகும் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தலை மட்டும் அவளிடமே பின்னிக்கொண்டாள்.

அதிகாரி மின்சார ஆய்வாளரை அனுப்பினார். உருளை மெஷினின் எர்த் வயர் எங்கும் இணைக்கப்படாமல், நுனியில் டேப் சுற்றி மெஷினுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. டேப்பின் மேல் படிந்திருந்த பஞ்சுத்தூசி ஒரு விரல் கனம் என்று அறிக்கையில் எழுதியிருந்தார். அடுத்த வாய்தாவில் நிர்வாகத்து வக்கீல் அதிகம் பேசவில்லை. வலது கையின் நிரந்தர ஊனத்துக்கு முழு நஷ்டஈடும், வேலை இல்லாமல் இருந்த மாதங்களுக்குச் சம்பளமும் கொடுக்க உத்தரவாயிற்று. அப்பீல் என்று கொஞ்ச காலம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டினார்கள்.

சாட்சி சொன்ன வாரமே நாத்தனாரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சரியாக மடிக்கத் தெரியவில்லை என்று காரணம் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை மடிப்பக்காதான் வக்கீலம்மாவிடம் கொண்டுபோனாள். அந்த வழக்கு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை மடிப்பக்கா சாட்சி சொல்லப் போகிறாள். கடையைப் பூட்டிவிட்டுத் தானும் வருவதாகப் புருஷன் சொல்லியிருக்கிறார்.