கிளாக்கரின் அழகான கையெழுத்து

ஒஸ்லோவில் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைப் பராமரிப்பது என் வேலை. நான் குடியிருக்கும் புருசெத்திலிருந்து ரயில் ஏறி நகரின் மேற்குப் பக்கம் போவேன். மாத்திரை கொடுப்பேன், வீங்கிய கால்களுக்கு இறுக்கமான காலுறை மாட்டிவிடுவேன், பாணுக்கு வெண்ணெய் பூசி வைப்பேன். ஒரு வீட்டுக்கு எத்தனை நிமிடம் என்பது கைபேசியில் வந்துவிடும். இந்த நாட்டில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது இன்றுவரை நாவில் வருவதில்லை. அதனால்தான் நான் பராமரிக்கப் போன ஓர் ஆங்கிலேயப் பெண்மணியை முதல் நாளே "மேடம்" என்று கூப்பிட்டுவிட்டேன்.

அவருக்கு எண்பத்தைந்து வயது. நோர்வேக்காரர் ஒருவரைக் கலியாணம் செய்து இங்கே வந்தவர். கணவர் காலமாகிப் பல வருடம். அவருடைய தகப்பனார் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மாவட்டத்தையே தன் கையில் வைத்திருந்த பிரித்தானிய அதிகாரி. பத்து வயதுவரை அங்கேதான் வளர்ந்ததாக அவர் சொன்னதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னுடைய அப்பப்பாவும் உங்கள் ஆட்களிடம் கிளாக்கராக இருந்தவர், மேடம். மலாயாவில், காணிப் பதிவுக் கந்தோரில்."

யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. கோட்டும் டையும் போட்ட அப்பப்பாவின் படம் எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மலாயாப் பென்சன்காரர் வீடு என்றால் கலியாணப் பேச்சில் பாதி வேலை முடிந்துவிடும். அந்தப் பெருமையை மறக்காமல் ஒஸ்லோவரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். கண்ணின் நடுப்பகுதி மங்கிவிட்டதால் எதையும் தலையைச் சரித்துத்தான் பார்ப்பார்.

"அவருடைய கையெழுத்து அழகாக இருக்குமா?" என்று கேட்டார்.

"அச்சு மாதிரி இருக்கும், மேடம்."

இரண்டு கிழமை கழித்து ஒரு பிஸ்கற் பெட்டியை என்னிடம் எடுத்து வரச் சொன்னார். உள்ளே கடிதங்கள். அவருடைய தாயார் ஆப்பிரிக்காவிலிருந்து இங்கிலாந்தில் இருந்த தங்கைக்கு எழுதியவை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேத்தி, தன் பூட்டனார், அதாவது மேடத்தின் தகப்பனார், அங்கே உண்மையில் என்ன செய்தார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். கடிதங்களைக் கொடுத்தால் அவளுக்கு அந்தக் கூட்டெழுத்து பிடிபடவில்லை. என்னைப் போல இங்கே வேலைக்கு வரும் நோர்வேப் பிள்ளைகளுக்கும் அது கோழி கிளறியது போலத்தான். எனக்கு அப்படியில்லை. நாலு கோட்டுக் கொப்பியில் கன்னியாஸ்திரிகள் கையில் அடிமட்டக் கோலோடு நின்று பழக்கிய எழுத்து அது.

"நீ வாசி. கைபேசியில் பதிவு செய்து அவளுக்கு அனுப்புவோம். இந்தத் தாள்களை இனி வேறு யாரும் வாசிக்கப் போவதில்லை. நீ வாசிப்பதுதான் அவளுக்குக் கிடைக்கும் கதை. ஒன்றையும் மாற்றாதே" என்றார்.

வியாழக்கிழமைகளில் வேலை முடிந்த பிறகு போய் வாசித்தேன். உண்மையைச் சொன்னால் ரசித்துத்தான் வாசித்தேன். லொறியில் வந்த பியானோவைக் கறையான் தின்றது, குளியல் தொட்டிக்குள் பாம்பு கிடந்தது, சமையல்காரர் கஸ்ரட்டில் மிளகுத்தூள் போட்டது, வேலையாள் துரையின் சப்பாத்தை ஒரு நாளைக்கு இரண்டு தரம் துடைத்தது. அந்த அம்மா நன்றாக எழுதுவார். நானும் மேடமும் சேர்ந்து சிரித்த இடங்களும் அந்தப் பதிவுகளில் இருக்கின்றன.

நாலாவது வியாழன், பிறந்தநாள் கடிதம்.

"இன்று மகளுக்கு ஆறு வயது. கேக் நடுவில் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது, ஆனாலும் ருசிக்குக் குறைவில்லை. இடம்பெயர மறுத்த ஆற்றங்கரைக் கிராமத்தை இன்றுதான் எரித்தார்கள். இவர் காலையிலேயே அங்கே போய்விட்டார். புகை எங்கள் பக்கம் திரும்பியதால் தேநீர் மேசையைப் பின் விறாந்தைக்கு மாற்ற வேண்டியதாயிற்று."

கேக்கும் கிராமமும் கடிதத்தின் ஒரே பந்தியில். இரண்டுக்கும் நடுவில் ஒரு முற்றுப்புள்ளி மட்டும். அந்தத் தாளை அப்படியே கசக்கிப் போட வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில், எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, கொழும்பில் எங்கள் வீட்டை எரித்தார்கள். வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எது தமிழ் வீடு என்று பார்த்துப் பார்த்து வந்தார்கள். "அந்தப் பட்டியலை எழுதிக் குடுத்தவன்ரை கை அழுகும்" என்று அம்மா அன்று சொன்னதை இன்றும் சொல்லுவார். அந்தப் புகையின் மணம் எனக்குத் தெரியும். ஆகவே தேநீர் மேசை வரியை, பேத்திக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று, குரலை உயர்த்தித்தான் வாசித்தேன். மேடம் கையை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தார். நன்றாக வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கண் அடுத்த வரிக்குப் போனது.

"வீடுகளின் பட்டியலை எழுதியவர் எங்கள் சிலோன் கிளாக்கர், ஒரு தமிழர். என்ன அழகான கையெழுத்து! ஒரு வீடுகூட விடுபடவில்லை. மகளின் வாழ்த்து மடலையும் அவரே எழுதித் தந்தார்."

என் வாய் இதை வாசிக்கவில்லை. அதற்குக் கீழே, ரோஜாச் செடிக்கு வந்த பூச்சியைப் பற்றிய பந்தியிலிருந்து தொடர்ந்தேன். அப்பப்பா ஆப்பிரிக்காவுக்குப் போகவில்லை, அவர் மலாயாவில்தான் இருந்தார் என்று மனம் பைத்தியம் போலக் கணக்குப் பார்த்தது. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா எனக்கே அருவருப்பாக இருந்தது.

"ஒரு இடத்தை விட்டுவிட்டாய்" என்றார் மேடம்.

"இல்லை மேடம், அங்கே மை மங்கியிருக்கிறது."

"மை மங்கவில்லை. என் கண்தான் மங்கியது. கண் நன்றாக இருந்த காலத்தில் அந்தக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது." அவருடைய குரலில் கோபம் இல்லை. "என் அப்பாவை நீ வாசித்தாய். நான் தடுக்கவில்லை. உன்னுடைய ஆளையும் வாசி."

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. நான் வாசித்தேன். பாதியில் நின்று, திரும்பத் தொடங்கி, ஒருவாறு முடித்தேன். தேநீர் மேசைக்கு உயர்ந்த குரல் இதற்கு உயரவில்லை. பேத்தி அதையும் கேட்பாள்.

பிறகு பெட்டியின் அடியில் ஒரு மடல் இருக்கிறது, எடு என்றார். அந்த வாழ்த்து மடல். நீல மையில் ஒரு சிறிய யானை, அதன் கீழே ஒரு குழந்தைக்கான இரண்டு வரி வாழ்த்து. பெரிய எழுத்துகளின் வளைவு ஒவ்வொன்றும் நாலு கோட்டுக்குள் எழுதியதுபோல அடங்கி நின்றது. எரியப்போகும் வீடுகளை எழுதிய அதே கிழமை, அதே பேனா.

"எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். என்னைத் தூக்கிக்கொண்டு திரிவார்" என்றார் மேடம். "அன்று நீ உன் அப்பப்பாவைப் பற்றிச் சொன்னாயே, அப்போதே நினைத்தேன், இதை வாசிக்க வேண்டியது நீதான் என்று."

ரயில் மேடைக்கு வந்ததும் யாழ்ப்பாணத்துக்கு, அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அம்மா, அப்பப்பா மலாயாவிலை என்ன எழுதினவர்?"

"கந்தோரிலை எழுதினவர். உனக்கென்ன திடீரெண்டு?"

"என்னத்தை எழுதினவர் எண்டு கேக்கிறன்."

"துரை சொன்னதை எழுதினவர். வேறை என்னத்தை எழுதுறது?"

"ஆக்களின்ரை பட்டியலும் எழுதினவரோ?"

அம்மா சிரித்தார். "பட்டியல் எழுதாமல் என்ன கிளாக்கர்? ஒரு பேர் பிழைக்காதெண்டு துரையே சொல்லுறவராம். அந்தக் கையெழுத்துத்தான் உனக்கும் வந்திருக்கு, பிள்ளை."

பட்டியல் எழுதியவனின் கைக்கு அம்மா இட்ட சாபம் என் தொண்டைவரை வந்தது. அம்மாவுக்கு வயது போய்விட்டது, எதற்கு இப்போது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். "ஓம் அம்மா" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தேன். அன்றைக்கு இரண்டாவது தடவையாக அந்த வரியைத் தாண்டிப் போனேன்.