நான் நின்ற இடமெல்லாம் கத்தியது

மச்சாளிடம் இரவல் வாங்கிய தோடுகளில் ஒன்றைப் பருத்தித்துறைக் கடலில், முழங்காலளவு தண்ணீரில் தொலைத்துவிட்டேன். மறுநாள் அவ கனடாவுக்குப் பயணம். தெரிந்தவரிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் கேட்டு வாங்கிக்கொண்டு விடியவே கடலில் இறங்கினேன்.

நான் நின்ற இடமெல்லாம் அது கத்தியது. ஒவ்வொரு தடவையும் குனிந்து மணலைக் கிளறினேன். ஒன்றுமில்லை. கரையில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. எனக்குப் பொறுமை போய்விட்டது.

“எடுத்திருந்தால் தாங்கோ அக்கா. சும்மா பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ.”

அவ வலையை வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் வந்தா. “தங்கச்சி, உங்கடை காலுக்குக் கிட்டப் போகேக்கைதான் அது கத்துது. மெட்டியைக் கழட்டிப்போட்டுத் தேடுங்கோ.”

கழற்றினேன். வைக்க வேறு இடமில்லாமல் அவவின் கையிலேயே கொடுத்தேன். கருவி அடங்கியது. மணலை ஒட்டி மெதுவாக நகர்த்திக்கொண்டு போனேன். கனநேரத்துக்குப் பிறகு ஒரேயொரு தடவை கத்தியது. தோடு.

ஓடிப்போய்க் காட்டினேன். அவ சிரிக்கவில்லை. மூடியிருந்த கையை என் முன்னால் விரித்தா.

“இரண்டும் கிடக்கோ எண்டு பாத்து எடுங்கோ.”

மன்னிப்புக்கூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதும் குனிந்து என் காலைப் பார்த்தால், மெட்டி கண்ணில் படுமுன் அந்த உள்ளங்கைதான் தெரிகிறது.