ஆற்றை முகர்ந்தவள்

குடிநீர் நிலையத்தில் காவலாளி முதல் பொறியாளர் வரை எல்லோருக்கும் அவள் மூக்கம்மாதான். கேலிக்கு வைத்த பெயர். ஆனால் கேலி செய்தவர்கள்கூடக் காலையில் அவள் தலையை ஆட்டிய பிறகுதான் தண்ணீர் குடித்தார்கள். ஒன்றரை லட்சம் பேர் குடிக்கிற ஆற்றுத் தண்ணீரை, குழாய்க்குப் போகும் முன் முகர்ந்து பார்த்துச் சொல்வது அவள் வேலை. ஏன், கருவி இல்லையா என்று கேட்பீர்கள். மேசை நிறைய இருக்கிறது. கலங்கல் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அவை ஒப்பிக்கும். வாசனையைச் சொல்ல மட்டும் அங்கே மனித மூக்கை விட்டால் வேறு நாதி கிடையாது.

காலை ஆறு மணிக்குப் படித்துறையில் இறங்குவாள். அகல வாய் பாட்டிலில் தண்ணீர் மொண்டு, மூடி, குலுக்கி, திறந்து, ஒரே இழுப்பு. பிறகு பதிவேட்டில் 'வாசனை' என்ற கட்டத்தில் ஒரு சொல் எழுதுவாள். இருபத்து நான்கு வருடமாக இதே கதை.

அது இரண்டு ஆறு சேர்ந்த ஆறு. மலையிலிருந்து பாறைகளில் மோதிக்கொண்டு வருவதை ஊரார் 'மூத்தது' என்பார்கள். வயல்களைச் சுற்றிக்கொண்டு ஆடி அசைந்து வருவது 'இளையது'. ஊருக்கு இரண்டு மைல் மேலே இரண்டும் சேரும். சேர்ந்தும் என்ன, பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி அரை மைல் தூரம் தனித்தனி நிறத்தில்தான் ஓடும். மூத்ததில் தண்ணீர் ஏறினால் இரும்பு வாசனை, இளையதில் ஏறினால் சேறு. மலையில் மழை பெய்த சேதி வானொலிக்கு வருவதற்கு முன்னால் மூக்கம்மாவுக்கு வந்துவிடும்.

அலமாரியில் எண்பது வருடப் பதிவேடுகள் இருந்தன. ஓய்ந்த நேரத்தில் எடுத்துப் புரட்டுவாள். நீராவிப் படகுகள் வந்துபோன காலத்தில் வாசனைக் கட்டம் முழுக்கக் கரிப்புகை. அந்தப் படகுகளைக் கட்டிய இரும்பு வளையங்கள் இன்றும் படித்துறையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பிறகு காகித ஆலை வந்து பதினெட்டு வருடம் அழுகிய முட்டை நாற்றம். ஆலையை மூடிய வருடம், முன்பு அந்த வேலையில் இருந்த ஒருவர், 'அப்பாடா' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்! ஒரு பதிவேட்டில் பதினொரு நாட்களுக்கு எழுத்தே இல்லை. அதுதான் பெருவெள்ளம். அதற்குப் பிறகுதான் அக்கரையில் இருந்த கடைத்தெரு இக்கரைக்கு வந்தது. அந்த ஊரில் வழி கேட்டால் கிழக்கு மேற்கு சொல்ல மாட்டார்கள், "ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்பார்கள். வெளிநாடு போய்த் திரும்பியவர்கள் பெட்டியை இறக்கிவைத்ததும் ஒரு தம்ளர் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இப்பதான் வந்த மாதிரி இருக்கு" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், ஏதோ தானே சமைத்துப் போட்டது மாதிரி மூக்கம்மாவுக்குப் பெருமை தாங்காது.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுத்தி எடுத்துவிட்டுப் போனது. போகும்போது மூக்கையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சோப்பில்லை, வெங்காயமில்லை, ஆறில்லை. எல்லாம் வெறும் காற்று.

யாரிடமும் சொல்லவில்லை அவள். சொன்னால் என்ன செய்வார்கள்? கோப்புகளுக்குத் தூசி தட்டும் அறையில் உட்காரவைப்பார்கள். ஆற்றங்கரைக்கு அவள் இனி எதற்கு? இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று, தண்ணீரின் நிறத்தையும் மேகத்தையும் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதினாள். எழுதிய ஒவ்வொரு நாளும் சோறு இறங்கவில்லை. தப்பு செய்கிறோம் என்று தெரியாதவள் இல்லை.

கண்டுபிடித்தது கணவர். குடிநீர் நிலையத்தின் பின்வாசலை ஒட்டி அவர்கள் வீடு. முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறவர். நாலு வார்த்தை பேசச் சொன்னால் மூன்றை மிச்சம் வைக்கிற ஆள். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி, வற்றி, கருகிப் புகைந்தது. பக்கத்திலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் இவள். அவர்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

"உனக்கு வாசனை வரலையா?"

அவ்வளவுதான். கத்தியைக் கீழே போட்டுவிட்டு அழுதுவிட்டாள்.

மறுநாளிலிருந்து பாட்டில் முதலில் வீட்டுக்கு வந்தது. அவர் முகர்ந்து சொல்வார், இவள் அதற்கு அர்த்தம் கண்டுபிடிப்பாள். தையல்காரர் அகராதி அல்லவா, சிரிப்பாகத்தான் இருந்தது.

"பழைய ஊசி டப்பா மாதிரி இருக்கு."

"அப்ப மூத்ததுல தண்ணி ஏறியிருக்கு. அப்புறம்?"

"துணியை ஈரத்தோட மடிச்சு வச்ச மாதிரி."

"அது பாசிங்க. நல்லா இழுத்துப் பாருங்க, கருவாட்டை மோக்கற பூனை மாதிரி நிக்காதீங்க!"

இப்படிப் பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் காலை அவர் பாட்டிலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். முகம் மாறிவிட்டது.

"இதை ஊருக்கு விடாதே."

"ஏன்? என்ன வாசனை வருது?"

"சொல்லத் தெரியல."

"எண்ணெயா? மருந்தா? அழுகலா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்களேன்!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வேண்டாம்னா வேண்டாம்."

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நிலையத்தில் கருவிகள் எல்லாம் சரி என்றன. ஏழு மணிக்குப் பம்பு ஓடும். அதை நிறுத்தப் பொறியாளர் சொல்ல வேண்டும். பொறியாளர் இளவயதுப் பெண், கெட்டிக்காரி. என்ன வாசனை என்று முதல் கேள்வி கேட்பாள். வாசனையைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை. வாய்க்கு வந்ததைச் சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. ஒரு தையல்காரர் "வேண்டாம்" என்றதற்காக ஊர் முழுக்கக் குழாயை மூடச் சொல்வதா? மூக்கம்மா ஒரு நிமிடம்தான் நின்றாள். பொய் சொல்லத் தெரியாத மனிதர், இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறாள். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பொறியாளர் முகர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே அக்கா. உங்களுக்கு என்ன வருது?"

"எனக்கு ஒண்ணுமே வராது மேடம். காய்ச்சல் வந்த நாள்ல இருந்து மூக்கு செத்துப்போச்சு. கொஞ்ச நாள் பொய்யா எழுதினேன். அப்புறம் எங்க வீட்டுக்காரர்தான் மோந்து சொல்றார். அவர் இதை வேண்டாங்கறார். என்னை என்ன வேணாலும் பண்ணுங்க, பம்பை மட்டும் போட்டுடாதீங்க!"

பொறியாளர் பாட்டிலை மேசையில் வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழாக நான்கு நிமிடம்.

"நிறுத்துங்க" என்றாள் பம்ப் அறையைப் பார்த்து.

ஊரே திட்டியது. தொலைபேசி ஓயவில்லை. எட்டரை மணிக்குப் படித்துறை ஓரமாக மெல்லிய வானவில் நிறத்தில் ஏதோ மிதந்து வந்தது. ஒன்பதுக்குள் ஆறு முழுக்க டீசல். மேலே இளையதின் பாலத்தில் விடிவதற்குள் ஒரு டேங்கர் லாரி கவிழ்ந்திருக்கிறது. கீழே இருக்கிறவர்களுக்குத் தகவல் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. திட்டிய வாய்களெல்லாம் மூக்கின் மேல் விரலை வைத்தன.

சாயங்காலம் பொறியாளர் வீட்டுக்கே வந்தாள். மூக்கம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

"மெமோ வரும் அக்கா. பொய்யா எழுதின நாளுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மூக்கு திரும்பற வரைக்கும் அந்தக் கட்டத்துல வேற ஆள் எழுதட்டும். ஆனா காலையில படித்துறைக்கு நீங்கதான் போகணும். தண்ணியைப் பார்க்க உங்களை விட்டா ஆள் இல்ல."

மூக்கம்மா தலையாட்டினாள். அவளுக்கு அதுவே பெரிது.

பொறியாளர் தாளை எடுத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள். "சார், அறிக்கையில எழுதணும். எனக்கே தெரியாத வாசனை உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை உருவி, விரலில் சுற்றினார், அவிழ்த்தார். மனைவியைப் பார்க்கவே இல்லை.

"எனக்கு ஆறெல்லாம் தெரியாதுங்க. இருபத்துநாலு வருஷமா இவ வேலை முடிஞ்சு கதவைத் திறந்தா ஒரு வாசனை வரும். கையில, முந்தானையில, தலைமுடியில. அது வந்தாத்தான் எனக்கு வீடு வீடா இருக்கும். தினம் பாட்டிலைத் திறந்தா, கூட எது கலந்திருந்தாலும், அடியில அது இருக்கும். இன்னைக்குக் காலையில திறந்தேன். அதுல இவ இல்ல."

சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே கூச்சப்பட்டார். "இதையெல்லாம் எழுதிடாதீங்க மேடம்."

மூக்கம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

"எழுதுங்க மேடம்" என்றாள்.