கிண்ணியாப் பாலத்தில் வந்த கருகல் மணம்

வேகத்துக்காக டேர்போ பூட்டி மாற்றியமைத்த கார் என்னுடையது. பெற்றோலை அப்படிக் குடிக்கும். அதை நீண்ட வீதியில் சிக்கனமாக ஓட்டிக் காட்டுவது எனக்கு ஒரு வெறியாகிவிட்டது. காற்று எதிர்க்காமலிருக்கக் காரைத் தாழ்த்தினேன். பாரம் குறையட்டும் என்று சைலன்சரின் சூட்டை மறைக்கும் தகட்டையும் கழற்றி எறிந்தேன்.

போன அறுவடைக் காலத்தில் மனைவியோடும் மகளோடும் கிளிவெட்டியிலிருந்து திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மூதூர் தாண்டியதும் வீதியில் வைக்கோல் பரவிக் கிடந்தது. பிறேக் பிடித்தால் பெற்றோல் வீணாகும் என்று அதன் மேலாலேயே ஓட்டினேன். அடியில் சரசரவென்று உரசியது.

சற்று நேரத்தில் மனைவி, "இஞ்சேருங்கோ, ஏதோ கருகிற மணம் வருது" என்றாள்.

"வயல்ல வைக்கல் எரிக்கிறாங்கள். கண்ணாடியைத் திறக்காதையும், காத்துப் பிடிச்சா பெற்றோல் கூட இழுக்கும்."

கிண்ணியாப் பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் தண்ணீர். மணம் போகவில்லை, கூடியது.

மனைவி மெதுவாகக் கேட்டாள்: "இப்ப எந்த வயல் எரியுதப்பா?"

பாலத்தில் நிறுத்த இடமில்லாமல் ஓட்டினேன். அந்தப் பாலம் எவ்வளவு நீளமென்று அன்றுதான் தெரிந்தது. அக்கரையில் நிறுத்தி, மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காருக்கு அடியில், சூடான சைலன்சரில் சிக்கிய வைக்கோல் கனன்றுகொண்டிருந்தது. பெற்றோல் குழாய் அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. வீதியோரம் மீன் விற்றவர் ஓடிவந்து ஐஸ் தண்ணீரை ஊற்றி அணைத்தார்.

தகட்டைத் திரும்பப் பூட்டிவிட்டேன். வைக்கோலைக் கடந்தால் இறங்கி, குனிந்து பார்க்கிறேன். மணம் வருகிறது என்று மனைவி சொன்னால் காரணம் சொல்வதில்லை, நிறுத்துகிறேன்.

என் கார் மிகக் குறைந்த பெற்றோலில் ஓடியது அன்றுதான். அதை நண்பர்களிடம் சொன்னதில்லை.