தழை எடுக்க வந்தவன்

இது நடந்தது. நம்பாதவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. கருவாட்டு வியாபாரி எடையில் பொய் சொல்லுவான், விலையில் பொய் சொல்லுவான். பெற்ற மகள் விஷயத்தில் சொல்லமாட்டான். "இருட்டுல எதையோ பார்த்துப் பயந்துட்ட ஜலாலுதீன்" என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. நடந்தது பட்டப்பகலில். மழை மூடியிருந்த பகல், அவ்வளவுதான்.

ஐம்பத்தைந்தாம் வருஷம், கார்த்திகை மாதம். பாலாற்றுக்குத் தெற்கே, படாளத்துக்குக் கிழக்கே, ஒரு கரட்டுமலை அடிவாரத்தில் அப்போது எங்கள் வீடு. மகாபலிபுரம் கடற்கரையில் கருவாடு வாங்கி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து உள்ளூர்ச் சந்தைகளில் விற்பதுதான் பிழைப்பு. பத்துப் பேர் ஒற்றை வரிசையில் மலை ஏறி இறங்குவோம். அந்தப் பாதை மூன்று இடத்தில் இரண்டாகப் பிரியும். அதற்கு எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. முதலில் போகிறவன், போகக் கூடாத வழியின் குறுக்கே பச்சைத் தழை ஒடித்துப் போட்டு, மேலே ஒரு கல்லை வைப்பான். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்து மற்ற வழியில் போவார்கள். கடைசி ஆள் அந்தத் தழையை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். விட்டுவிட்டு வந்தால் அது வேறு யாரையாவது கெடுக்கும் என்பார்கள். தழையைத் தாண்டியவன் எங்களில் எவனும் இல்லை. அதை எடுக்காமல் வந்த கடைசி ஆளும் இல்லை.

என் மகள் ஜஹனாராவுக்கு அப்போது ஆறு வயது. ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் காலையில் தொண்டை வீங்கி, பேச்சு நின்றுபோனது. தண்ணீர் மூக்கால் வந்தது. மூச்சு விடும்போது 'கர்... கர்...' என்று ஒரு சத்தம். தொண்டை அடைப்பான். அதே நோயில் அந்த மாதம் எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளைப் புதைத்திருந்தோம். ஆற்றுக்கு அக்கரையில் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனால்தான் பிள்ளை பிழைக்கும். ஏரி உடைந்து வண்டிப்பாதை முழுவதும் தண்ணீர். மலைவழி ஒன்றுதான் பாக்கி.

என் பெண்டாட்டி ஷஹர்பானுவின் தம்பி மைதீன் எங்களோடுதான், பக்கத்து அறையில் இருந்தான். கல்யாணம் ஆகாதவன். ஜஹனாரா என்றால் அவனுக்கு உயிர். சந்தையிலிருந்து வெறுங்கையோடு அவன் வந்ததே கிடையாது. அன்றைக்கு நாஸ்தாகூடச் சாப்பிடாமல் கிளம்பினான்.

"நான் முன்னால ஓடி அக்கரையில ஜட்கா புடிச்சி நிறுத்தறேன், மச்சான். ஆத்துத்துறையிலதான் எறங்கணும். முழங்கா தண்ணிதான் கீது. பாலத்து வழியில தழ போட்டுட்டுப் போறேன். நீ பேஜாரு பண்ணாம பின்னாலயே வா."

அவன் போன பிறகு மழை வலுத்தது. கொஞ்சம் குறைந்ததும், கோணியைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தோளில் சாய்த்துக் கிளம்பினேன். அப்போது மணி பத்து இருக்கும். அவள் முகம் என் முதுகுப் பக்கம். நான் முன்னால் பார்த்து நடந்தேன். அவள் பின்னால் பார்த்துக்கொண்டு வந்தாள்.

முதல் பிரிவு. இடது வழியில் தழை கிடந்தது, மேலே கல். மைதீன் வேலை சுத்தமாக இருந்தது. எனக்குப் பின்னால் யாரும் இல்லை, ஆகவே நான்தான் கடைசி ஆள். பிள்ளையோடு குனிய முடியவில்லை. திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நடந்தேன்.

இருபது அடி போயிருப்பேன். பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். கல்லைப் புரட்டினால் வரும் சத்தம்.

குரங்காக இருக்கும் என்று நினைத்தேன். அந்த மலையில் குரங்குக்குப் பஞ்சமில்லை.

ஏற்றத்தில் இன்னொரு சத்தம் சேர்ந்தது. 'சளப்... சளப்...' ஈரத்துணி காலில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம். நான் நின்றால் அதுவும் நின்றது. என் வேட்டிதான் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டினேன்.

சத்தம் நிற்கவில்லை.

இரண்டாம் பிரிவு. அங்கேயும் தழை, கல். பிரிவைக் கடந்து போனபோதுதான் கவனித்தேன். ஜஹனாராவின் கை என் முதுகில் மெல்ல அசைந்தது. காலையிலிருந்து துவண்டு தொங்கிய கை. யாருக்கோ டாட்டா காட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா?"

'கர்... கர்...' அதுதான் பதில்.

அவளைச் சுற்றியிருந்த துப்பட்டி நழுவி விழுந்திருந்தது. எடுப்பதற்காகப் பத்தடி திரும்பி வந்தேன். பாதையில் ஒரு ஈ காக்கை இல்லை. தழையும் இல்லை. கல் மட்டும் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. கல் இருந்த இடம், அத்தனை மழையிலும், உள்ளங்கை அகலம் காய்ந்திருந்தது. அது என் கண் முன்னாலேயே நனைந்து கறுத்தது.

அந்த நிமிஷம்தான் எடுத்திருக்கிறார்கள்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயந்துவிட்டேன். "மைதீன்!" என்று கத்தினேன். மலை அதையே திருப்பிச் சொன்னது. ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டு இறக்கத்தில் ஓடினேன்.

மூன்றாம் பிரிவு அடிவாரத்தில். இடது பக்கம் ஆற்றுத்துறை, அரை மைல். வலது பக்கம் கரையோரமாக ரோட்டுப் பாலம், மூன்று மைல். தழை பாலத்து வழியில் கிடக்க வேண்டும்.

துறை வழியில் கிடந்தது.

எருக்கந்தழை. ஒடித்த காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. மைதீன் போய் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். பால் எப்படிச் சொட்டும்?

அதை யோசிக்க எனக்கு நேரமில்லை. பிள்ளையின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. மூன்று மைல் தாங்குவாளா? படுபாவி, புத்தி கெட்டுப் போய் வழியை மாற்றிவிட்டானே என்று மைதீனைத் திட்டினேன். தாண்டிவிடலாம் என்று காலைத் தூக்கினேன்.

பின்னால் இருமல்.

பீடி இருமல். ராத்திரியெல்லாம் பக்கத்து அறையில் கேட்கிற இருமல். என் கழுத்தில் குளிர்ந்த தண்ணீர் இரண்டு சொட்டு விழுந்தது. கொங்காணிக்கு உள்ளே எப்படி விழும்?

நான் திரும்பவில்லை.

அப்போது...

என் தோளில் பாரம் இல்லை.

பிள்ளை என் கையில்தான் இருந்தாள். ஆனால் கனமே இல்லை. பின்னாலிருந்து யாரோ அவளை அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிற மாதிரி...

ஒரு மூச்சு நேரம்.

'கர்...'

பாரம் திரும்ப வந்தது.

அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு பாலத்து வழியில் ஓடினேன். எங்கே விழுந்தேன், எப்படி எழுந்தேன் என்று தெரியாது. பாலத்தில் ஒரு செங்கல் லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். அப்போதுதான் கீழே பார்த்தேன். பாலாறு கரைக்குக் கரை சேற்று நிறத்தில் போய்க்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொல்கிற நேரத்துக்கு உதட்டில் சிவப்பு வந்தது. நான் வாசலிலேயே உட்கார்ந்து மைதீனுக்காகக் காத்திருந்தேன். ஜட்கா பிடிக்கப் போனவன் எங்கே தொலைந்தான் என்று கோபம் கோபமாக வந்தது. ஷஹர்பானு இருபது நாள் கைக்குழந்தையோடு வீட்டில் கிடந்தாள். அவளிடம் நல்ல சேதி சொல்லக்கூட ஆளில்லை.

மறுநாள் அவனைத் தேடிக்கொண்டு பாலம் வழியாகத் திரும்பி, எங்கள் கரை ஆற்றுத்துறைக்குப் போனேன். கோரை அறுக்கிற கன்னியம்மா என்ற பெண், மைதீனைப் பற்றி நான் கேட்டதும் அரிவாளைக் கீழே போட்டாள்.

"லுங்கி கட்டின அண்ணாத்தயா? ஒம்பதர மணி ரயிலு பாலத்துல போச்சு. அப்பதான் தண்ணியில எறங்கினாரு. நடு ஆத்துல போகசொல்ல மேக்கால இருந்து வெள்ளம் வந்துச்சி. நான் கத்தினேன். ஒரு தபா கை மட்டும் தெரிஞ்சிது."

ஒன்பதரை. அப்போது நான் வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லை.

"தழ எங்க போட்டாரு, பார்த்தியா?"

"பாலத்து வழியில போட்டாரு. அடிவாரத்துலேர்ந்து அவரு பின்னாலயேதான் நான் வந்தேன்."

மூன்றாம் நாள் சதுரங்கப்பட்டினம் கரையில் உடம்பு ஒதுங்கியது. மலையேறி மூன்று பிரிவையும் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு தழையும் இல்லை. எங்கள் கூட்டத்தில் எல்லோரையும் கேட்டுவிட்டேன். அந்த மழையில் யாரும் மலைப்பக்கம் போகவில்லை.

என்னைக் காப்பாற்றத்தான் வந்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அழுதேன். நாற்பதாம் நாள் பாத்திஹா வரைக்கும் நம்பினேன்.

அதற்குள் குழாயை எடுத்து, ஜஹனாராவுக்குப் பேச்சு வந்திருந்தது. மாமு செத்துப்போனதை நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. பாத்திஹா முடிந்து எல்லோரும் போன பிறகு என் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தா, மாமு ஏன் அன்னிக்கு நம்ம பின்னாலயே வந்தாரு?"

அவளை என் பக்கம் திருப்பி உட்காரவைத்தேன்.

"கை நெறைய தழ வச்சிகினு வந்தாரு. ஒடம்பெல்லாம் தண்ணி. கீழ எறங்கினப்புறம் தழயெல்லாம் போட்டுட்டு என்னைத் தூக்கினாரு. 'வர்றியா ஜஹனா'ன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"தொண்ட அடைச்சிகினு இருந்துச்சே அத்தா. வரேன்னு சொல்லத்தான் பார்த்தேன்... சத்தமே வரல."