ஆறு தடவை சொன்ன பதில்

என் மனைவி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். மில் இரைச்சல் அவள் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிட்டது. உள்ளே எல்லாரும் சைகையில்தான் பேசிக்கொள்வார்களாம். அதனால் காது போனது அவளுக்கே வெகுநாள் தெரியவில்லை. வீட்டில் எனக்குத் தெரிந்தது. ஒன்றைச் சொன்னால் "என்ன?" என்பாள். இரண்டாம் தடவை கத்துவேன். மூன்றாம் தடவையும் கேட்டால் "ஒண்ணுமில்ல, விடு" என்று எழுந்து போய்விடுவேன். கத்தினால்தானே கேட்கும் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த காது மிஷின் நாலாம் மாதமே வேலை செய்யாமல் போனது. அந்த வெள்ளிக்கிழமை மகளுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. சம்பந்தியம்மா ஒன்று கேட்க, தான் வேறொன்று சொல்லி, மகளுக்குத் தலைகுனிவாகிவிடுமோ என்று அவளுக்கு ஒரே பயம். அதற்குள் மிஷினை மாற்றி வாங்கிவிடுங்கள் என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடையில் வேலை. காலை பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அந்தக் கம்பெனியின் சாட் பக்கத்தைத் திறந்தேன். ஒரு பெண் பெயர், சிரித்த முகம், நல்ல தமிழ். 'உங்கள் சிரமம் புரிகிறது' என்று வந்ததும் மனசு இளகிவிட்டது. என்ன கோளாறு என்று கேட்டாள், எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பாவம், எத்தனை பேருக்குப் பதில் சொல்கிறதோ அந்தப் பிள்ளை என்று ஒவ்வொரு தடவையும் எழுதினேன். 'பரவாயில்லம்மா, எத்தன தடவ வேணாலும் கேளு' என்று வேறு தட்டினேன். நடுவில் சாப்பிட்டியா, எந்த ஊரு, நம்ம பக்கமா என்று விசாரணை.

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போது பதில் வந்தது. தான் ஒரு தானியங்கி உதவியாளர், தனக்கு ஊர் கிடையாது, புது மிஷின் வர பதினைந்து நாளாகும். பக்கத்து சீட்டுக்காரர் பார்த்திருப்பாரோ என்று போனைக் கவிழ்த்துக்கொண்டேன். ஒரு கம்ப்யூட்டரிடம் அத்தனை நேரம் இளித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அன்று முழுக்க அதுதான் எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். அவளுக்கு விளங்கும்படி சொல்லி முடிக்க அலுப்பு. போனை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கைகால் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது, மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிக்கு இன்னும் வரவில்லை.

"இந்தப் புள்ளையும் என்னைய மாதிரிதான் போல" என்றாள். "ஒண்ணையே ஆறு தடவ கேட்டிருக்கு. ஆறு தடவையும் நீங்க பொறுமையாச் சொல்லியிருக்கிய."

குத்திக்காட்டவில்லை அவள். அந்தப் பிள்ளைக்காகச் சந்தோஷப்பட்ட மாதிரிதான் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"அது பொண்ணு இல்ல, கம்ப்யூட்டரு. வெள்ளிக்கிழமைக்குள்ள மிஷின் வராது."

"என்ன?" என்றாள்.

அத்தனை வெட்கத்திலும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான்.