சன்னலோரத்து இடம்

ஓவீட் ட்ராஹான் வியாபாரம் பார்ப்பதே தின்றுகொண்டுதான். சாலையோரம் லாரியை நிறுத்தி, பின்பலகையை இறக்கிவிட்டு, வேகவைத்த சேற்று இறாலைக் கூறு போடுவான். கூறுக்கு ஒன்று அவன் வாய்க்குப் போகும். தலையைப் பிய்ப்பான், உறிஞ்சுவான், ஓட்டைத் தூக்கி எறிவான். அதற்குள் வந்தவரின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டு முடித்திருப்பான். லூசியானா சதுப்புநிலத்துக்காரன். வீடு நிறையப் பிள்ளைகள். கத்தினால்தான் தட்டில் ஏதாவது விழும்.

அவன் லாரி வந்து நிற்கிற மிசிசிப்பி மேட்டுப் பக்கம் இவ்வளவு சத்தம் ஆகாது. அங்கே தபாலாபீசில் வேலை பார்க்கிறாள் லூரீன் டிஸ்டேல். பாப்டிஸ்ட் சபை வீட்டுப் பெண். குடி கிடையாது, ஆட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பியானோ வாசிப்பதுதான் அவள் எழுப்புகிற ஆகப் பெரிய சத்தம். முதல்முறை இறால் வாங்கியவள், காருக்குப் போய் முள்கரண்டி எடுத்து வந்தாள்.

"ஆபரேசனா பண்ணப் போற? தலையப் பிச்சு உறிஞ்சும்மா!"

"உறிஞ்சுனா சத்தம் வரும்."

"வந்தா வரட்டுமே. செத்த இறாலு, கோவிச்சுக்கவா போகுது?"

சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான். ஆனாலும் அடுத்த வாரமும் வந்தாள்.

கல்யாணப் பேச்சை எடுத்தவன் ஓவீட்தான். அவள் வளர்த்தவில்லை. "அம்மா வேணாம்னா வேணாம். ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வா. உன்னப் பாத்துட்டுச் சொல்லட்டும்."

தன் கல்யாணத்துக்கே பிந்தி வரக்கூடிய ஆள், அன்றைக்குப் பயத்தில் யாரும் வருமுன்னே வந்துவிட்டான். அதுதான் வினை. பிந்தியிருந்தால் யாராவது கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பார்கள். காலிக் கோயிலில், அவன் கத்தோலிக்கப் பழக்கப்படி முழங்கால் மடித்துச் சிலுவை போட்டுக்கொண்டு, இரண்டாம் பெஞ்சில் சன்னலோரமாக உட்கார்ந்தான். அவன் ஊரில் இடம் கண்ட இடத்தில் உட்காருவார்கள். இங்கே பெஞ்சுகளில் பெயர் எழுதியிருக்காதே தவிர, எது யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

சனம் வந்தது. பார்த்தது. விசிறிக்கொண்டிருந்த அட்டைகள் நின்றுபோயின. பியானோவில் இருந்த லூரீனுக்கு முகம் வெளுத்துவிட்டது. 'எழுந்திரு' என்று கண்ணைக் காட்டினாள். இவன் பல்லைக் காட்டிக் கையை ஆட்டினான்.

பின்பெஞ்சு மெர்ல்தான் காதோரம் குனிந்தார். "தம்பி, அது லூரீனோட அப்பா எடம்யா. அவரு செத்ததுலேருந்து ஒருத்தரும் அதுல உக்காந்ததில்ல. அந்தா பாரு, மிஸ் ஓபல் வந்துட்டாங்க."

லூரீனின் அம்மா. அந்தப் பக்கம் வயதான பெண்கள் எல்லாருக்குமே மரியாதைக்கு 'மிஸ்'தான். ஓவீடுக்குக் குப்பென்று வேர்த்தது. இறாலும் போச்சு, பெண்ணும் போச்சு என்று எழப் போனான். முழங்காலை ஒரு கை அழுத்தியது. மிஸ் ஓபல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உக்காருப்பா. இப்ப எந்திரிச்சா ஊரே வேடிக்க பாக்கும்."

"சத்தியமாத் தெரியாது மிஸ் ஓபல். தெரிஞ்சிருந்தா நான்..."

"தெரியாதுன்னுதான் தெரியுதே." அவள் சன்னலைப் பார்த்தாள். "அந்த மனுசன் போனதுலேருந்து இந்த வெயிலு நேரா என் மூஞ்சிலதான் அடிக்குது. யாராச்சும் வந்து உக்காருங்கன்னு நானா கூப்புட முடியும்? நீ நல்லா அகலமா இருக்க. இன்னும் கொஞ்சம் முன்னால நகரு."

நகர்ந்தான். வெயில் அவன் தோளில் விழுந்தது. அவள் முகத்தில் நிழல் விழுந்தது. பியானோப் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

உயிர் திரும்பியதும் ஓவீடுக்கு வாயும் திரும்பியது. "எங்கப்பாவும் இப்படித்தான் மிஸ் ஓபல், அகலம்னா அப்படி ஒரு அகலம். அவரு ஏறுனா படகே ஒரு பக்கமாச் சாயும். ஒருநா என்னாச்சு..."

பாஸ்டர் மேடை ஏறிவிட்டார். மிஸ் ஓபல் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கைப்பையைத் திறந்து, புதினா மிட்டாய் ஒன்றை எடுத்து, காகிதத்தைச் சத்தமில்லாமல் உரித்து, திறந்திருந்த அவன் வாய்க்குள் போட்டாள்.